டிஹியூமிடிஃபயரின் தொட்டி ஏன் காலியாக இருக்கிறது?

அறைக்காற்றிலிருந்து ஈரத்தை எடுத்துத் தொட்டியில் தண்ணீராகச் சேர்க்கும் கருவியான டிஹியூமிடிஃபயர் காலையிலிருந்து ஓடுகிறது. ஃபேன் சத்தம் கேட்கிறது, விளக்கு எரிகிறது. தொட்டியை இழுத்துப் பார்த்தால் அடியில் ஈரம்கூட இல்லை. கருவி பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன், அந்தத் தண்ணீர் எங்கிருந்து, எப்படி வர வேண்டும் என்று கொஞ்சம் யோசித்துப் பார்ப்பது நல்லது. பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும்.

காற்றில் எவ்வளவு நீராவி தங்க முடியும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரி செல்சியஸில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம். 20 டிகிரியில் அது 17 கிராம், 10 டிகிரியில் 9 கிராம்தான். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால், அந்த வெப்பநிலையில் தங்கக்கூடிய நீராவியில் 80 சதவீதம் ஏற்கெனவே இருக்கிறது என்று பொருள். இதே காற்றைக் குளிர வைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் 100 சதவீதம் ஆகிவிடும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். அதற்கும் கீழே போனால், தங்க இடமில்லாத நீராவி துளித்துளியாகப் படிந்துவிடும்.

டிஹியூமிடிஃபயர் செய்வது இவ்வளவுதான். உள்ளே இருப்பது ஃபிரிட்ஜில் இருக்கும் அதே ஏற்பாடு: கேஸை அழுத்தித் தள்ளும் ஒரு கம்ப்ரஸர், ஒரு குளிர்ந்த காயில் (வளைத்து வளைத்து அமைத்த உலோகக் குழாய்), ஒரு சூடான காயில், இவற்றுக்குள் சுற்றிவரும் கேஸ். ஃபேன் அறைக்காற்றை ஃபில்டர் வழியாக இழுத்துக் குளிர்ந்த காயில்மேல் விடுகிறது. நீராவி அங்கே படிந்து தொட்டியில் சொட்டுகிறது. காய்ந்த காற்று அடுத்துச் சூடான காயிலைக் கடந்து வெளியே வருகிறது.

அதனால்தான் இந்தக் கருவி ஓடும் அறை சூடாகிறது. அது பழுதல்ல. ஒரு லிட்டர் தண்ணீர் சேரும் அளவுக்கு நீராவி நீராக மாறும்போது, ஏறக்குறைய 0.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளிப்படுகிறது. கம்ப்ரஸர் இழுக்கும் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகவே அறையில் சேர்கிறது. ஏசியில் சூடான காயில் வீட்டுக்கு வெளியே இருக்கும், இதில் அறைக்குள்ளேயே இருக்கிறது. இரண்டும் அவ்வளவு நெருங்கிய உறவு. 1902-இல் வில்லிஸ் கேரியர் நியூயார்க்கின் புரூக்ளினில் ஓர் அச்சகத்துக்காக வடிவமைத்த ஏற்பாட்டிலிருந்துதான் நவீன ஏசியின் வரலாறு தொடங்குகிறது. அங்கே தேவைப்பட்டது குளிர்ச்சி அல்ல, ஈரப்பதக் கட்டுப்பாடு. ஈரத்தில் காகிதம் விரிந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகும் வண்ணங்கள் விலகிப்போவதுதான் அவர்களுடைய தொல்லை.

இந்தச் சூட்டையே முதல் சோதனையாக வைத்துக்கொள்ளலாம். கருவியை ஓடவிட்டுப் பத்து நிமிடம் கழித்து, காற்று வெளியேறும் இடத்தில் கையை வையுங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் கம்ப்ரஸர் தன் வேலையைச் செய்கிறது. அறைக்காற்று போலவே இருந்தால், கம்ப்ரஸர் ஓடவில்லை அல்லது கேஸ் போதவில்லை. ஆனால் அதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். நாம் வைத்த ஈரப்பத அளவு ஏற்கெனவே வந்துவிட்டால் கம்ப்ரஸர் தானாகவே நின்றுவிடும், பல கருவிகளில் ஃபேன் மட்டும் சுற்றிக்கொண்டிருக்கும். சோதனைக்காக அளவை அடிமட்டத்துக்கு இறக்கி, சில நிமிடங்கள் பொறுத்துப் பார்க்க வேண்டும்.

காற்றில் இருக்கும் தண்ணீர் நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பதையும் சொல்லியாக வேண்டும். 4 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரம் கொண்ட அறையில் 36 கன மீட்டர் காற்று இருக்கும். 30 டிகிரியில் ஈரப்பதத்தை 80-இலிருந்து 50 சதவீதத்துக்குக் கொண்டுவர, அந்தக் காற்றிலிருந்து எடுக்க வேண்டியது சுமார் 330 மில்லிதான். ஒரு பெரிய டம்ளர் தண்ணீர். அப்படியானால் முதல் சில நாட்களில் தொட்டி தொட்டியாக நிரம்புவது எப்படி? சுவரும் மெத்தையும் துணிகளும் மரச்சாமான்களும் தாங்கள் உறிஞ்சி வைத்திருந்த ஈரத்தைக் காய்ந்த காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. அந்த ஈரம் தீர்ந்ததும் தொட்டியில் சேர்வது குறையும். அது நல்ல செய்தி. வாரக்கணக்கில் குறையவே இல்லை என்றால் ஜன்னல் இடுக்கு, கசியும் குழாய், தரையடி ஈரம் என்று எங்கிருந்தோ தண்ணீர் வந்துகொண்டே இருக்கிறது. அதை அடைக்காமல் கருவியை மட்டும் ஓட்டுவது வீண் செலவு என்பேன்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் ‘நாளுக்கு 20 லிட்டர்’ என்பதையும் அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பெரும்பாலும் அது 30 டிகிரி, 80 சதவீதம் என்ற நிலையில் அளந்தது. அறை குளிரக் குளிர, காயக் காய, பாதிகூட வராமல் போகலாம்.

குளிர்ந்த அறையில்தான் பெரிய தொல்லை. 10 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் இருந்தால் பனிநிலை 3 டிகிரிக்கும் கீழே. அதற்கும் கீழே போக வேண்டிய காயில் சீக்கிரமே பூஜ்ஜியத்தைத் தாண்டிவிடும். படிந்த நீர் ஐஸாகும். ஐஸ் காயிலுக்கும் காற்றுக்கும் நடுவே போர்வை மாதிரி நின்று காற்றோட்டத்தை அடைக்கும். காற்று குறைந்தால் காயில் இன்னும் குளிரும், ஐஸ் இன்னும் தடிக்கும். தூசி அடைத்த ஃபில்டர் இதே சுழலைச் சூடான அறையிலும் தொடங்கி வைக்கும். அதனால் ஐஸைப் பார்த்ததும் கருவியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, தானாக உருக விடுங்கள். கத்தியால் சுரண்டினால் காயில் ஓட்டையாகிக் கேஸ் போய்விடும். அப்புறம் ஃபில்டரைக் கழுவிக் காயவைத்து மாட்டுங்கள், கருவியைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். இதற்குப் பிறகும், அறையும் குளிராக இல்லாதபோது, காயிலின் ஒரு ஓரத்தில் மட்டும் ஐஸ் பிடித்து மீதி காய்ந்தே இருந்தால், கேஸ் கசிந்திருக்க வாய்ப்பு அதிகம். அது மெக்கானிக் வேலை. எப்போதும் குளிராகவே இருக்கும் அறைக்குக் காயில் இல்லாத வகை நல்லது. ஈரத்தை உறிஞ்சும் பொருள் பூசிய சக்கரம் அதில் மெதுவாகச் சுற்றும், ஒரு ஹீட்டர் அந்தச் சக்கரத்தைத் திரும்பக் காயவைக்கும்.

தரையில் தண்ணீர் கசிந்தால் தொட்டி சரியாக உட்காரவில்லை, அல்லது வெளியேறும் குழாய் எங்கோ மேடேறியிருக்கிறது. தொட்டி காலியாக இருந்தும் ‘நிரம்பிவிட்டது’ விளக்கு எரிந்தால் உள்ளிருக்கும் மிதவை சிக்கியிருக்கும். வாடை வந்தால் தொட்டியையும் ஃபில்டரையும் கழுவுங்கள். அந்தத் தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தாலும் குடிக்க உகந்ததல்ல.

எல்லாம் சரியாக இருந்தும் கம்ப்ரஸர் சீக்கிரமே நின்றுபோனால் ஈரப்பதத்தை அளக்கும் சென்சார்மேல் சந்தேகப்படலாம். தனியாக ஒரு ஈரப்பதமானி வைத்து ஒப்பிடுங்கள். அந்த மானியையே நம்பலாமா என்று பார்க்கவும் வழி உண்டு. ஒரு சிறு மூடியில் உப்பைப் போட்டு, சேறு போல ஆகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, மானியோடு சேர்த்துக் காற்றுப் புகாத டப்பாவில் மூடி ஓர் இரவு வையுங்கள். ஈர உப்புக்கு மேலே உள்ள காற்று சாதாரண அறை வெப்பத்தில் 75 சதவீதத்தில் நிற்கும். காலையில் மானி 68 காட்டினால், அது 7 குறைத்துக் காட்டுகிறது. இனி அது 50 என்று சொல்லும்போது அறையில் இருப்பது சுமார் 57.