குறைவாக ஓடிய பழைய கார் ஏன் செலவு வைக்கிறது?

"அண்ணே, 2011 மாடல்தான். ஆனா முப்பத்தி நாலாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கு, ஒரே ஓனர்." என் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் ஓர் ஆசிரியர் சந்தோஷமாகச் சொன்னது இது. பணம் கொடுத்து முடித்த பிறகுதான் காரைக் காட்டினார். "ஹோஸ், பெல்ட், கூலன்ட் மூன்றையும் முதலில் மாற்றிவிடலாம் சார், பத்தாயிரத்துக்குள் முடியும்" என்றேன். இவ்வளவு கம்மியாக ஓடிய வண்டிக்கு எதற்கு என்று அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைத்தார்.

மூன்றாவது வாரம் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போகும் வழியில், விராலிமலை தாண்டி ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துவிட்டது. டெம்பரேச்சர் முள் மேலே ஏறியும், பக்கத்தில் மெக்கானிக் கடை வரும் என்று நம்பி ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். அந்தத் தூரத்தில் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்து, அதன் அடியில் கசிவில்லாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. ஹெட்டைக் கழற்றி லேத்தில் ஃபேசிங் கொடுத்து (சமமாகச் சீவி), கேஸ்கட், வாட்டர் பம்ப், டைமிங் பெல்ட், ஆயில், வண்டியை ஏற்றிவந்த வாடகை எல்லாம் சேர்ந்து 28 ஆயிரம் ரூபாய் ஆனது. வெடித்த ஹோஸின் விலை 450 ரூபாய்.

பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது மீட்டரைத்தான். காரில் பாதிப் பொருட்கள் கிலோமீட்டரால் தேய்வதில்லை, வருடத்தால் கெடுகின்றன. ரப்பர் ஹோஸ், பெல்ட், சஸ்பென்ஷன் புஷ், இன்ஜின் மவுன்டிங் எல்லாம் ஓடாமல் நின்றாலும் இறுகி வெடிப்பு விடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் சக்கரத்தில் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டரும் காலிப்பரும் துருப்பிடிக்கும். டயரும் அப்படித்தான். பக்கவாட்டில் DOT எழுத்துகளின் வரிசையில் கடைசி நான்கு எண்களைப் பாருங்கள். 2316 என்றால் 2016-ம் வருடம் 23-வது வாரம் தயாரானது. பட்டன் (தரையில் படும் ரப்பர் கட்டைகள்) நன்றாக இருக்கிறது என்று பழைய டயரில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகாதீர்கள்.

இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்டைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். என்னிடம் பெரிய பில்லோடு போகும் பழைய கார்களில் பெரும்பாலானவை சூடாகி வந்தவைதான். நம் ஊரில் ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீரை ஊற்றுகிற பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த உப்பு ரேடியேட்டரை அடைக்கும், இன்ஜின் பிளாக்கில் தண்ணீர் வழியை மூடும் தகர மூடியான கோர் பிளக்கை அரிக்கும். இன்னொரு தவறை எங்கள் தொழிலில் இருப்பவர்களே செய்கிறோம்: வண்டி சூடானால், கூலன்ட் ஓட்டத்தைச் சூட்டுக்கு ஏற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுவிடுவது. அப்போதைக்குச் சரியானது போலத் தெரியும். ஆனால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வர நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், உண்மையான கோளாறு உள்ளேயே இருக்கும். முள் ஏறினால் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்க வேண்டாம், கை வெந்துவிடும்.

இன்ஜினில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட் அடுத்தது. பழைய சான்ட்ரோ போன்ற வண்டிகளில் பெல்ட், மாருதியின் கே சீரிஸ் இன்ஜின்களில் செயின். பெல்ட் உள்ள வண்டி என்றால், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு பில் கேளுங்கள். பில் இல்லையா, மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வுகள் பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும்.

வாங்கப் போகும்போது காலையில், இன்ஜின் ஆறியிருக்கும் நேரத்தில் போங்கள். நீங்கள் வருவதற்குள் ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஆறிய இன்ஜினில் ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த காபி மாதிரி படிந்திருந்தால் ஆயிலில் தண்ணீர் சேர்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை தெரிந்தால் அது வெள்ளத்தில் நின்ற வண்டியாக இருக்கலாம். 2015, 2023 சென்னை வெள்ளங்களில் மூழ்கிய கார்கள் ஏராளம். ஒயரிங்கில் தண்ணீர் புகுந்த வண்டியின் கோளாறுக்கு முடிவே இருக்காது, எங்களுக்கும் பிடிபடாது. அப்புறம், ஒரு மெக்கானிக்கிடம் லிஃப்டில் ஏற்றிக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். அதற்குக் கொடுக்கும் கூலியை மிச்சம் பிடிக்காதீர்கள்.

கையில் இரண்டு லட்சம் இருந்தால் ஒன்றரை லட்சத்து வண்டியைத் தேடுங்கள். மீதி ஐம்பதாயிரத்தை சீட் கவருக்கும் மியூசிக் சிஸ்டத்துக்கும் செலவழித்துவிட்டு, பிரேக் வேலைக்குப் பணமில்லாமல் வருகிறவர்களைப் பார்க்கும்போது மனம் கஷ்டப்படுகிறது. பிரேக், ஸ்டியரிங், டயர், கூலிங் இந்த நான்கும் முதல் மாதத்திலேயே சரியாக வேண்டும். ஏசி, பெயின்ட் எல்லாம் காத்திருக்கும்.

ஆர்.சி. தேதியையும் பாருங்கள். சொந்தக் காருக்குப் பதிவு 15 வருடம்தான், பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. வண்டியை நேரில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்பதால், அதற்கு முன் துருப்பிடித்த இடங்களில் டிங்கரிங், பெயின்ட் செலவும் வந்து சேரும். 14 வருடம் ஆன வண்டி விலை மலிவாகக் கிடைத்தால் இந்தத் தொகையையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.