தூக்கம் வருவதற்கு முன் படுக்கைக்குப் போகாதீர்கள்

சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா என்னைப் பார்க்க வந்தபோது, ஒரு மஞ்சள் பை நிறைய பழைய மருந்துச் சீட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். (அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே எழுதுகிறேன்.) கணவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்த சமயத்தில் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் பாய் விரித்துப் படுத்திருந்த நாட்களில் அவருடைய தூக்கம் கெட்டது. கணவர் தேறி வீட்டுக்கு வந்து, பழையபடி காலையில் கடைத்தெருவுக்கு நடந்து போய்வரத் தொடங்கி ஒன்றரை ஆண்டுகள் ஆகியும் இவருக்குத் தூக்கம் திரும்பவில்லை. “பொட்டுத் தூக்கம் இல்லை சார். எட்டரை மணிக்கெல்லாம் விளக்கை அணைச்சிட்டுப் படுத்துடுறேன். மத்தியானமும் கொஞ்சம் கண்ணை மூடிப் பார்க்கிறேன். வரவே மாட்டேங்குது” என்றார்.

தன் துன்பத்தைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு அவர் சொன்ன இந்தச் சொற்களில்தான் அந்தத் துன்பம் ஓயாமல் நீடிப்பதற்கான காரணமும் இருந்தது. மனநல மருத்துவனாக நான் பார்க்கும் நாள்பட்ட தூக்கமின்மைக்காரர்களில் பெரும்பாலோர், கெட்டுப்போன தூக்கத்தை ஈடுகட்டுவதற்காகச் செய்யும் முயற்சிகளாலேயே அதை மேலும் கெடுத்துக்கொண்டிருக்கிறார்கள். இதில் அவர்களுடைய தவறு என்று எதுவும் இல்லை. களைத்துப்போனவர் சீக்கிரம் படுக்க நினைப்பது இயல்பு. இந்த நோயில் அந்த இயல்பான யோசனை பலிப்பதில்லை என்பதை யாரும் அவர்களுக்கு எடுத்துச் சொல்லாததுதான் குறை.

எதை நாள்பட்ட தூக்கமின்மை என்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தூங்குவதற்குப் போதிய நேரமும் இடமும் இருந்தும், வாரத்தில் மூன்று இரவுகளாவது தூக்கம் பிடிக்காமலோ, நடுவில் கலைந்தோ, விடியும் முன்பே விழிப்பு வந்தோ, அதனால் பகலில் சோர்வும் எரிச்சலும் கவனக் குறைவும் ஏற்பட்டு, இந்த நிலை மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது நாள்பட்ட தூக்கமின்மை. பரீட்சைக்கு முந்தைய இரவும், துக்க வீட்டில் கழிந்த பத்து நாட்களும் இந்தக் கணக்கில் சேரா. வாய்ப்பிருந்தும் தூங்காமல் நள்ளிரவு இரண்டு மணிவரை கைபேசி பார்ப்பவருக்கு இருப்பதும் இந்த நோய் அன்று.

1982ஆம் ஆண்டு அலெக்சாண்டர் போர்பெலி என்ற ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இன்றும் எங்களுக்கு வழிகாட்டுகிறது. தூக்கத்தை இரண்டு இயக்கங்கள் சேர்ந்து நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் சேர்ந்துகொண்டே போகும் தூக்கப் பசி. அடினோசின் என்ற வேதிப்பொருள் மூளையில் சேர்வது இதற்கு ஒரு முக்கியக் காரணம். மற்றொன்று, வெளிச்சத்தையும் இருட்டையும் கொண்டு தன்னைத் திருத்திக்கொண்டு, எப்போது விழிக்க வேண்டும், எப்போது அடங்க வேண்டும் என்று உடலுக்குச் சொல்லும் உள் கடிகாரம். மதியம் ஒரு மணி நேரம் கண்ணயர்பவர், மாலை ஐந்து மணிக்குப் பலகாரம் சாப்பிட்டுவிட்டு எட்டு மணிக்கு இலையில் உட்காருபவரைப் போலத் தன் தூக்கப் பசியை முன்பே கெடுத்துக்கொள்கிறார். இரவு எட்டரைக்குப் படுப்பவர், உள் கடிகாரம் இன்னும் விழித்திரு என்று சொல்லிக்கொண்டிருக்கும் நேரத்தில் அதனோடு மல்லுக்கு நிற்கிறார். மாலை நேரத்தின் அந்தப் பின்பகுதியில்தான் பலருக்கும் விழிப்பு நல்ல வலுவோடு இருக்கும்.

இப்படிப் பல மாதங்கள் போனால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. புரண்டு புரண்டு படுப்பதும், மணி பார்ப்பதும், “இன்றைக்கும் போச்சு” என்று நெஞ்சு படபடப்பதும் இரவுதோறும் அதே கட்டிலில், அதே தலையணையில் நடப்பதால், படுக்கை என்பது விழித்திருக்கும் இடம் என்றே மூளை பழகிவிடுகிறது. கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்தபடி தொலைக்காட்சி பார்க்கும்போது கண் சொருகும். எழுந்து போய்க் கட்டிலில் சாய்ந்ததும் பளிச்சென்று விழிப்பு வந்துவிடும். இதைச் சொல்லாத நோயாளி எனக்கு அரிது. “நாற்காலியில் தூங்குகிறேன், கட்டிலில் முடியவில்லை, எனக்கு மூளையில் ஏதோ கோளாறா?” என்று பயந்து கேட்பவர்களிடம், உங்கள் மூளைக்குத் தூங்கத் தெரியும் என்பதற்கு அந்த நாற்காலியே சாட்சி என்று சொல்வேன்.

அந்த அம்மாவுக்கு முதலில் கொடுத்தது ஒரு நோட்டுப் புத்தகம். இரண்டு வாரங்களுக்கு, காலையில் எழுந்ததும், எத்தனை மணிக்குப் படுத்தோம், உத்தேசமாக எவ்வளவு நேரத்தில் தூங்கினோம், எத்தனை முறை விழித்தோம், எப்போது எழுந்தோம் என்று எழுத வேண்டும். மணி பார்த்து எழுதக் கூடாது. மனத்தில் தோன்றும் உத்தேசக் கணக்கே போதும். பதினான்கு நாட்களின் சராசரியைப் பார்த்தபோது, “பொட்டுத் தூக்கம் இல்லை” என்றவர் ஐந்தரை மணி நேரம் தூங்கியிருந்தார். அவர் பொய் சொல்லவில்லை. விழித்திருந்த நேரம் மட்டுமே நினைவில் தங்குவதால், இந்த நோயில் தூங்கிய நேரம் குறைவாகவே தோன்றும். ஆனால் அந்த ஐந்தரை மணி நேரத் தூக்கத்துக்காக அவர் இரவு எட்டரை முதல் காலை ஆறு மணிவரை ஒன்பதரை மணி நேரம் படுக்கையில் கிடந்திருந்தார். நூற்றுக்கு 58 பங்குதான் தூக்கம். மீதமெல்லாம் இருட்டில் கண் திறந்து கிடந்த நேரம். இந்தப் பங்கு 85க்கு மேல் இருப்பதே நல்லது.

எனவே, படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறைத்தோம். இரவு பதினொன்றரைக்கு முன் படுக்கக் கூடாது, காலை ஐந்து மணிக்கு எழுந்துவிட வேண்டும், பகலில் தலை சாய்க்கக் கூடாது. கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. தூக்கம் இல்லை என்று வந்தவரிடம் இன்னும் விழித்திரு என்பது கொடுமையாகத்தான் தோன்றும். ஆனால் 1987இல் ஆர்தர் ஸ்பீல்மேனும் அவருடைய சகாக்களும் வகுத்த இந்த முறைக்கு இன்று வலுவான ஆதாரம் இருக்கிறது. சிதறிக் கிடக்கும் தூக்கத்தைச் சிறிய பாத்திரத்தில் ஊற்றி நிரப்புவது போன்றது இது. பாத்திரம் நிரம்பிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிய பாத்திரத்துக்கு மாற்றுவோம். படுக்கை நேரத்தை ஐந்து மணி நேரத்துக்குக் கீழே கொண்டுபோவதில்லை.

இதோடு, ரிச்சர்ட் பூட்சின் 1972இல் சொன்ன விதிகளையும் சேர்த்தோம். தூக்கம் கண்ணைச் சொருகினால் மட்டுமே படுக்கைக்குப் போக வேண்டும். படுத்து ஏறக்குறைய இருபது நிமிடங்களில் தூக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குப் போய், மங்கலான வெளிச்சத்தில் பூத்தொடுப்பது, துணி மடிப்பது, பழைய வார இதழைப் புரட்டுவது போன்ற அவசரமில்லாத வேலை ஏதாவது செய்துவிட்டு, மறுபடியும் கண் சொருகும்போது திரும்ப வேண்டும். ஓர் இரவில் நான்கு முறை எழுந்தாலும் சரி. தூங்கியது இரண்டு மணி நேரமே என்றாலும் ஐந்து மணிக்கு எழுந்தே ஆக வேண்டும். எல்லா விதிகளிலும் எழும் நேரத்தை மாற்றாமல் வைத்திருப்பதே முக்கியமானது என்பேன். உள் கடிகாரத்தைக் கட்டி நிறுத்துவதற்கு அதைவிடப் பலமான முளை இல்லை. விடிந்ததும் வாசலில் கோலமிட்டுவிட்டு அரை மணி நேரம் வெளிச்சத்திலேயே இருக்கும்படி அவரிடம் கேட்டுக்கொண்டேன். காலை வெளிச்சம் கண்ணில் படுவது அந்தக் கடிகாரத்தைச் சரியாகத் திருப்பிவைக்கும்.

முதல் வாரம் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது. இதை நான் மறைப்பதே இல்லை. பகலெல்லாம் கண் எரிந்தது, மகள்மீது எரிந்து விழுந்தார், இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து “விட்டுடலாமா சார்?” என்று கேட்டார். இரண்டாம் வாரத்தின் இறுதியில், படுத்த பத்து நிமிடத்தில் தூங்கிப்போனதாக நோட்டில் முதன்முறையாக எழுதியிருந்தார். பிறகு, தூக்கத்தின் பங்கு 85ஐத் தாண்டும் வாரங்களில் மட்டும் பதினைந்து நிமிடம் கூட்டினோம். எட்டாவது வாரத்தில் இரவு 10.45 முதல் காலை 5 மணிவரை என்று வந்து நின்றோம்.

இந்த முறை எல்லோருக்கும் உடனே பொருந்தாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்கும், இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கும், பேருந்து, லாரி ஓட்டுபவர்களுக்கும், இயந்திரத்தில் கை வைத்து வேலை செய்பவர்களுக்கும் தூக்கத்தைக் குறைப்பது ஆபத்தாக முடியலாம். மருத்துவரின் மேற்பார்வையில்லாமல் அவர்கள் இதைச் செய்யக் கூடாது. தூக்கமின்மை என்று வருபவருக்கு உள்ளே வேறு நோய் இருக்கிறதா என்று பார்ப்பதும் அவசியம். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அது மூச்சுத் தடைத் தூக்க நோயாக இருக்கலாம். படுத்ததும் கால்களில் ஒருவித ஊறலும் அசைத்தே ஆக வேண்டும் என்ற உந்துதலும் வந்தால், உடலில் இரும்புச் சத்துக் குறைவா என்று இரத்தத்தில் பார்க்க வேண்டும். கட்டுப்படாத சர்க்கரையால் இரவில் சிறுநீருக்கு எழுபவர்களும், நீர் பிரியும் மாத்திரையை மாலையில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. விடியற்காலை மூன்று மணிக்கு விழித்து, அந்த நேரத்தில் வாழ்க்கையே வீண் என்று தோன்றினால் அது மனச்சோர்வின் அடையாளமாக இருக்கலாம். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் தலைகாட்டினால் காலைவரை காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம்.

காபியைப் பற்றி ஒரு வார்த்தை. நாம் குடிக்கும் காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குக் குடித்த ஒரு டம்ளரில் பாதி, இரவு பதினொரு மணிக்கும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கும். அதுவும் அந்த அடினோசினின் வழியை அடைத்துக்கொண்டு. மதியத்துக்குப் பிறகு காபியும் தேநீரும் வேண்டாம் என்று சொல்கிறேன். மது குடித்தால் தூக்கம் வருகிறது என்பவர்களுக்கு முன்னிரவில் வருவது உண்மைதான். பின்னிரவில் அது தூக்கத்தைக் கிழித்துவிடும். புழுக்கமான இரவுகளில் படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான நீரில் குளிப்பது பலருக்கு உதவுகிறது. குளித்த பின் தோல் வழியாக வெப்பம் வெளியேறி உடலின் உள் வெப்பம் தணிவதே காரணம். இவையெல்லாம் நல்ல பழக்கங்கள். ஆனால் இவை மட்டுமே நாள்பட்ட தூக்கமின்மையைத் தீர்த்து நான் பார்த்ததில்லை. படுக்கைக்குப் போனதும் கவலைகள் வரிசை கட்டி நிற்பவர்கள், மாலை ஆறு மணியளவில் கால் மணி நேரம் ஒதுக்கி, அவற்றைத் தாளில் எழுதி, நாளைக்கு எதை எப்படிச் செய்வது என்றும் பக்கத்தில் எழுதிவைப்பது நல்ல பலன் தருகிறது.

தூக்க மாத்திரைகளைப் பற்றி இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த மஞ்சள் பையிலிருந்த சீட்டுகளில் அல்பிரசோலம் என்ற மாத்திரை 0.25 மில்லிகிராமில் தொடங்கி, ஒரு மில்லிகிராம்வரை ஏறியிருந்தது. பெரும் துக்கத்திலோ அதிர்ச்சியிலோ தவிப்பவருக்கு இரண்டு, மூன்று வாரங்களுக்கு மாத்திரை கொடுப்பதை நான் எதிர்க்கவில்லை, நானே கொடுக்கிறேன். மாதக்கணக்கில் போகும்போது உடல் அதற்குப் பழகிவிடுகிறது, அளவு ஏறுகிறது, வயதானவர்கள் இரவில் கழிப்பறைக்குப் போகையில் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள். அல்பிரசோலமும், சோல்பிடெம் என்ற இன்னொரு தூக்க மாத்திரையும் நம் நாட்டில் எச்1 அட்டவணையில் உள்ளவை. மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கக் கூடாது, விற்றதைத் தனிப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்தார் என்று போட்டுக்கொள்வதையும், தூக்கத்துக்காகச் சளி மாத்திரையை இரவுதோறும் விழுங்குவதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். ஆனால் மாதக்கணக்கில் தூக்க மாத்திரை சாப்பிட்டவர் இந்தக் கட்டுரையைப் படித்துவிட்டு இன்றிரவே அதை நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்தினால் தூக்கம் முன்பைவிட மோசமாகக் கெடும், வலிப்பும் வரலாம். மருத்துவரின் துணையோடு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சிறு பங்காகக் குறைக்க வேண்டும். அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இலேயே, நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மாத்திரை அன்று, மேலே சொன்ன முறைகளை உள்ளடக்கிய நடத்தை சிகிச்சையே என்று பரிந்துரைத்தது. நம் ஊரில் இதைச் செய்ய நேரமும் ஆளும் குறைவு என்பது எனக்குத் தெரியும். சீட்டு எழுத ஒரு நிமிடம் போதும், நோட்டைப் படித்துப் பேச அரை மணி நேரம் வேண்டும். அந்த அரை மணி நேரத்தைக் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

அந்த அம்மாவின் மாத்திரை முழுவதுமாக நிற்க ஐந்து மாதங்கள் ஆயின. இடையில் மகளின் பிரசவ நேரத்தில் ஒரு வாரம் தூக்கம் மறுபடி கெட்டது. இம்முறை அவர் எட்டரைக்குப் படுக்கவில்லை. பேரனின் துணிகளை மடித்துக்கொண்டு பதினொரு மணிவரை கூடத்தில் உட்கார்ந்திருந்ததாகவும், எத்தனை மணிக்குத் தூங்கினார் என்று தெரியவில்லை என்றும் சொன்னார். படுக்கையறைச் சுவரிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிச் சமையலறையில் மாட்டிவிட்டாராம்.