எதிர்வினை: கோபம் வருகிறதா, கொள்கிறோமா?

காரைக்குடியில் ஒரு பயிற்சி வகுப்பு. திரையில் பெரிய எழுத்தில், "உங்கள் எதிர்வினையை நீங்களே தேர்வு செய்கிறீர்கள்." இந்த மாதத்தில் இந்த வாக்கியம் என் காதில் விழுவது நான்காவது தடவை. எனக்கு முன்னால் இருந்த ஆச்சி பக்கத்தில் இருந்தவரிடம், "எதிர்வினைன்னா, செய்வினை வச்சா எடுக்கிறாகளே, அதுவா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

மூலச்சொல் ரியாக்‌ஷன். இலத்தீனில் திரும்பச் செய்தல் என்று பொருள். இயற்பியலில் நியூட்டனின் மூன்றாம் விதியோடு (1687) பரவியது. ஊசி போட்டுத் தடிப்பு வந்தால் நாம் சொல்வதும் அதே ரியாக்‌ஷன்தான். வரலாறு அவ்வளவே.

இயற்பியலுக்கு எதிர்வினை நல்ல சொல். சுவரைத் தள்ளினால் சுவரும் அதே அளவு நம்மைத் தள்ளும். சுவர் யோசிப்பதில்லை. யோசனைக்கே இடமில்லாத ஒன்றின் பெயரை மனிதருக்குச் சூட்டிவிட்டு, 'அதைத் தேர்வு செய்யுங்கள்' என்றால் எப்படி? அப்புறம், இந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு சங்கதிகளைத் திணிக்கிறார்கள். சம்பந்தி ஏதோ சொன்னதும் முகம் சுண்டுவது ஒன்று. பந்தியில் இலையை விட்டு எழுந்து போவது வேறொன்று. முன்னதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பின்னதற்கு எழுந்தவர்தான் பொறுப்பு. இரண்டையும் எதிர்வினை என்றால், முகம் சுண்டியவரையும் குற்றவாளி ஆக்கலாம், எழுந்து போனவரையும் தப்பவிடலாம். பத்திரிகைக்காரர்கள் ஒரு படி மேலே போய் 'எதிர்வினையாற்றினார்' என்கிறார்கள். திட்டினாரா, அழுதாரா, கதவை அடித்துச் சாத்தினாரா? அதைச் சொல்ல மாட்டார்கள்.

பாடநூல்களில் ஸ்டிமுலஸ், ரெஸ்பான்ஸ் என்பதற்குத் 'தூண்டல், துலங்கல்' என்று இருக்கிறது. ஓசை அழகுதான். ஆனால் துலங்குவது என்றால் ஒளிர்வது. புளி போட்டுத் துலக்கிய பித்தளைக் குடம் துலங்கும். ஏச்சு வாங்கிய மனுஷர் முகம் துலங்கி நான் பார்த்ததில்லை.

இத்தனைக்கும் தானாக வருவதையும் நாமாகச் செய்வதையும் நம் மொழி முன்பே பிரித்து வைத்திருக்கிறது. 'எனக்குக் கோபம் வந்தது' என்றால் அது விருந்தாளி, நான் அழைக்கவில்லை. 'கோபப்பட்டேன்' என்பதில் நான் பாதி உள்ளே. 'கோபித்துக்கொண்டேன்' என்றால் முழுதும் என் வேலை. கோபிப்பதைக் குறிக்கும் வெகுள், சின போன்ற பழைய வினைகளில் இந்த நழுவலே கிடையாது. 1939-லிருந்து கம்பன் விழா நடக்கும் ஊரில் இதற்கு மேற்கோள் தேட வேண்டாம். சீறி நிற்கும் இலக்குவனிடம் இராமன், நதியின் பிழையன்று என்று தொடங்கி, "விதியின் பிழை, நீ இதற்கு என்னை வெகுண்டது" என்று முடிக்கிறான். 'என்னை' என்றால் இங்கே 'ஏன்'. கோபம் ஏன் வந்தது என்று அவன் கேட்கவில்லை, நீ ஏன் வெகுண்டாய் என்கிறான்.

தானாக உடம்பில் தெரிவதற்குத் தொல்காப்பியம் தந்த மெய்ப்பாடு போதும். நகை, அழுகை, வெகுளி என்று எட்டு. பயிற்சியாளர் சொல்ல வந்ததற்கோ புதுச்சொல்லே வேண்டாம்: எடுத்துக்கொள்ளுதல். 'எப்படி எடுத்துக்கொள்வது என்பது உங்கள் கையில்.' அந்த ஆச்சிக்குக்கூட உடனே புரிந்திருக்கும். இந்தக் கருத்தின் பழைய மூலவர்களில் ஒருவரான கிரேக்கத் தத்துவ ஞானி எபிக்டெட்டஸ் சொன்னதும் அதுதான். நடந்தது அல்ல, நடந்ததைப் பற்றிய எண்ணமே மனிதரைக் கலக்குகிறது என்றார். முதல் அதிர்வு நம் வசத்தில் இல்லை என்பதை ரோமானியத் தத்துவ ஞானி செனக்காவும் ஒப்புக்கொண்டார். மொழிபெயர்ப்பவர்கள் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

எடுத்துக்கொள்ளுதல் என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்கவில்லை. கல்யாண வீட்டில் சீர்ச் சாமான் பரப்பியதும் ஒருவர் வருவார். "தப்பா எடுத்துக்காதே ஆத்தா" என்று ஆரம்பித்து, வெள்ளியில் என்னென்ன குறைகிறது என்று ஒவ்வொன்றாக எண்ணுவார்.