பார்வைப் பிரதிக்கு ஓர் இரவு தேவையில்லை

காரைக்குடியில் நடந்த ஒரு திருமணத்தின் மூன்று மணி நேரப் படத்தை, திருத்தம் கேட்பதற்காக மணமகளின் தந்தைக்கு அனுப்பினேன். 4கே அளவு, நொடிக்கு 50 மெகாபிட். கணினி இரவு முழுவதும் ஓடியது. கோப்பு 67 ஜிபியைத் தாண்டியது. அதை இணையத்தில் ஏற்ற இன்னொரு பகல் போயிற்று. மறுநாள் மாலை அவர் அழைத்தார். "தம்பி, போனில் திறக்கவே மாட்டேன் என்கிறது. மகள் நாளைக்கு ஊருக்குக் கிளம்புகிறாள். அவள் பார்க்காமல் நான் எப்படிச் சரி என்று சொல்வது?"

அன்று முதல், வீட்டார் பார்த்துத் திருத்தம் சொல்வதற்கான பார்வைப் பிரதியை, இறுதிப் பிரதியிலிருந்து வேறு வேலையாகவே நடத்துகிறேன். வீட்டார் அதில் பார்ப்பது சில விஷயங்களைத்தான்: முகங்கள் தெரிகின்றனவா, பாட்டு பொருந்துகிறதா, முக்கியமான உறவு யாராவது விடுபட்டுவிட்டார்களா. இதற்கு 1280×720 அளவு தாராளம். 4கே படத்தின் ஒவ்வொரு பிரேமிலும் ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகள், 720இல் 9.2 லட்சம்தான். கோப்பைச் சிறிதாக்க அழுத்த வேண்டிய சுமை ஒன்பதில் ஒரு பங்காகிவிடுகிறது.

எடிட் செய்த படத்தைக் கோப்பாக எழுதும் எக்ஸ்போர்ட் இழுக்கிறது என்றதும் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கச் சொல்கிறார்கள். தவணையில் வாங்கிவிட்டு, அதன் பிறகும் அதே அளவு காத்திருக்கும் இளம் எடிட்டர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். டைம்லைனில் ஒரு நிமிடத் துண்டை மட்டும் எடுத்து, முதலில் அப்படியே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். பிறகு, இருட்டுக் காட்சிகளில் தெரியும் பொரிப்பொரியான புள்ளிகளை நீக்கும் நாய்ஸ் ரிடக்‌ஷன் எஃபெக்டை அணைத்துவிட்டுச் செய்யுங்கள். நேரம் பெரிதாகக் குறைந்தால், தாமதம் அழுத்துவதில் இல்லை. அந்த எஃபெக்ட் ஒவ்வொரு பிரேமையும் முன்னும் பின்னும் உள்ள பிரேம்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடுகிறது, தாமதம் அங்கேதான். பார்வைப் பிரதியில் அது வேண்டாம். அந்தப் பொரிப் புள்ளிகள் இறுதிப் பிரதியில் இருக்காது என்று வீட்டாரிடம் ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

அழுத்துவதில்தான் தாமதம் என்றால், அந்த வேலையைச் செய்யும் என்கோடரின் அமைப்பைத் திறந்து பாருங்கள். இன்டெல் 2011 முதலும் என்விடியா 2012 முதலும் வீடியோவை அழுத்துவதற்கென்றே தனிச் சுற்று ஒன்றைத் தங்கள் சில்லுகளில் வைத்து வருகின்றன. அது கணினியில் இருந்தும், அமைப்பு 'சாஃப்ட்வேர்' என்பதிலேயே கிடப்பதைப் பல ஸ்டுடியோக்களில் பார்த்திருக்கிறேன். அதை 'ஹார்ட்வேர்' என்று மாற்றுங்கள். படத்தை இரண்டு முறை அலசும் டூ பாஸை அணையுங்கள். கோடெக், அதாவது அழுத்தும் முறை, எச்.264 ஆகவே இருக்கட்டும். எச்.265 கோப்பைச் சிறிதாக்கும், ஆனால் பழைய போன்கள் சில அதில் திணறும். பெரியவர்களின் கையில் இருப்பது பெரும்பாலும் அந்தப் போன்தான்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பிட்ரேட், அதாவது ஒரு நொடிப் படத்துக்குச் செலவிடும் தரவு, குறைவாக இருக்கும்போது ஹார்ட்வேர் என்கோடரின் தரம், நிதானமாக ஓடும் சாஃப்ட்வேர் என்கோடரின் தரத்துக்கு ஈடாவதில்லை. அது வெளிப்படும் இடம், பார்த்துப் பார்த்து எடுத்த தாலி கட்டும் நேரம். ஒரு பிரேமுக்கும் அடுத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதித்தான் எச்.264 இடத்தை மிச்சப்படுத்துகிறது. கெட்டிமேளம் முழங்க, நூறு கைகள் அட்சதை தூவ, நாலு பக்கமும் பிளாஷ் வெட்டும்போது எல்லாப் புள்ளிகளும் ஒரேயடியாக மாறுகின்றன. மணமகளின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. ஆகவே பிட்ரேட்டை நிலையாக வைக்காமல், தேவைக்கேற்ப ஏறி இறங்கும் விபிஆரில் வையுங்கள்: சராசரி 2.5 மெகாபிட், உச்சம் 6. முடிந்ததும் வேறு எதைப் பார்க்காவிட்டாலும் அந்த அரை நிமிடத்தைப் போட்டுப் பாருங்கள்.

அளவைக் கணக்கிடுவது எளிது. நொடிக்கு 1 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 450 எம்பி. ஒலியையும் சேர்த்தால், 2.5 மெகாபிட்டில் ஒரு மணி நேரப் படம் 1.2 ஜிபிக்குள் முடியும். வாட்ஸ்அப்பில் 2 ஜிபி வரை ஆவணமாக அனுப்பலாம். வீடியோவாக அனுப்பினால் அது மறுபடியும் அழுத்திப் படத்தைக் கெடுத்துவிடும். மூன்று மணி நேரத்தையும் ஒரே கோப்பாக்காமல், நிச்சயதார்த்தம், முகூர்த்தம், வரவேற்பு என்று பிரித்தே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். வரவேற்பில் ஒரு பாட்டை மாற்றச் சொன்னால், அந்தக் கோப்பை மட்டும் மறுபடி செய்தால் போதும்.

மூலக் காட்சிகள் இருக்கும் அதே ஹார்ட் டிஸ்க்கிலேயே எக்ஸ்போர்ட்டையும் எழுதாதீர்கள். ஒரே முள் படிக்கவும் எழுதவும் அலைந்தால், எந்தக் கார்டும் உதவாது.

படத்தின் மூலையில் ஓடும் நேரத்தையும், நடுவே மெல்லிய வாட்டர்மார்க்கையும் சேர்த்துவிடுங்கள். மணமகளின் தந்தை அழைத்த அன்றிரவே காரைக்குடிக்கு மூன்று கோப்புகளாக மறுபடி அனுப்பினேன். விடியற்காலையில், நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் அவர் எழுதிய பட்டியலின் படம் வந்தது. 'முகூர்த்தம், 00:41:12, என் அம்மா ஆசீர்வாதம் செய்வது பாதியில் வெட்டுப்படுகிறது, முழுதாக வேண்டும்.' அதற்குக் கீழே மகளின் கையெழுத்தில் இன்னும் இரண்டு.