நிலநடுக்கத்துக்கு மருந்துப் பெட்டி அனுப்புறதுக்கு முன்னாடி

எங்கயாவது பூமி குலுங்குச்சுன்னு நியூஸ் வந்தா போதும், அன்னிக்கு சாயங்காலமே எனக்கு போன் வர ஆரம்பிச்சிடும். "எங்க அபார்ட்மென்ட்ல மருந்து கலெக்ட் பண்றோம் சார், எந்த அட்ரஸுக்கு அனுப்பலாம்?" நான் மருந்தாளுநர். நிவாரணத்துக்கு வர்ற மருந்தைப் பிரிச்சு, கணக்கு வச்சு, கேம்புகளுக்கு அனுப்புற ஸ்டோர்ல வேலை பாத்தவன், அதான் என்கிட்ட கேக்குறாங்க. கேக்குறவங்க மனசு புரியுது, இடிஞ்ச வீட்டை டிவில பாத்துட்டு யாராலயும் சும்மா உக்கார முடியாது. ஆனா என் பதில் எப்பவும் ஒண்ணுதான்: பொருள் வேணாம், பணமா குடுங்க, அதுலயும் பாதியை ஆறு மாசம் கழிச்சுக் குடுங்க.

நேபாளத்தை வச்சு சொன்னா புரியும். 2015 ஏப்ரல் 25, மதியம் 12 மணிக்குக் கொஞ்சம் முன்னாடி, கோர்க்கா மாவட்டம் பார்பாக் பக்கம் மையம், 7.8 அளவு. சனிக்கிழமை அங்க வார லீவு, ஸ்கூல் கிடையாது, அதனாலயே ஏகப்பட்ட பிள்ளைங்க தப்பிச்சாங்க. அப்படியும் கிட்டத்தட்ட 9,000 பேர் செத்துப்போய்ட்டாங்க, 5 லட்சத்துக்கு மேல வீடு தரைமட்டம், சரி இனிமே ஒண்ணும் ஆகாதுன்னு கொஞ்சம் தைரியமா வீட்டுக்குள்ள போனவங்களை மே 12ல 7.3 அளவுல இன்னொன்னு வந்து மறுபடி வெளிய விரட்டுச்சு.

அப்போ அந்த நாட்டுக்கு இருந்தது ஒரே இன்டர்நேஷனல் ஏர்போர்ட், காத்மாண்டுல, அதுவும் ஒரே ரன்வே. உலகம் பூரா இருந்து விமானம் வந்து குவிஞ்சா அந்த ரன்வே என்ன ஆகும்? விரிசல் விட ஆரம்பிச்சதும் 196 டன்னுக்கு மேல எடை இருக்குற விமானம் இறங்கக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. அந்த நேரத்துல அந்த ரன்வேல இறங்குற ஒவ்வொரு தேவையில்லாத பெட்டியும் ஒரு தார்ப்பாயோட இடத்தைப் பிடிச்சுக்குது. அன்னிக்கு நேபாள நிதியமைச்சரா இருந்த ராம் சரண் மஹத் வெளிப்படையாவே சொன்னார், டூனா மீனும் மயோனைஸும் வந்திருக்கு, இதை வச்சு நாங்க என்ன பண்றது, எங்களுக்கு தானியமும் உப்பும் சர்க்கரையும் வேணும்னு.

மருந்து விஷயம் இன்னும் மோசம். நல்ல மனசோட வீடு வீடா கலெக்ட் பண்ணின ஒரு கார்ட்டனைத் திறந்தா என்ன இருக்கும் தெரியுமா? பாதி சாப்பிட்ட ஸ்ட்ரிப்ஸ், அதுலயும் எக்ஸ்பயரி தேதி அடிச்சிருக்குற முனையை வெட்டி எடுத்திருப்பாங்க, மிச்சம் நாலு மாத்திரை எந்த வருஷத்துதுன்னு கண்டுபிடிக்க வழியே கிடையாது. மூடி சரியா போடாத இருமல் சிரப் ஒண்ணு கொட்டி அட்டையெல்லாம் ஊறி பிசுபிசுன்னு ஒட்டியிருக்கும். ஜிப் கவர்ல பேர் இல்லாத வெள்ளை மாத்திரைங்க, டாக்டருங்க குடுத்த சாம்பிள் பாக்கெட், படிக்கவே தெரியாத மொழில லேபிள் ஒட்டின பாட்டில். ஒவ்வொண்ணையும் ஒருத்தர் கையில எடுத்துப் பாத்து பிரிக்கணும், பிரிக்கிற ஆளு யாருன்னா வெளிய கியூவுல நிக்கிற நோயாளிக்கு மருந்து எடுத்துக் குடுக்க வேண்டிய அதே ஆளு. வேண்டாததைக் குப்பையில கொட்டிடவும் முடியாது, ஆத்துலயும் விட முடியாது, முறையா அழிக்கணும், அதுக்கும் செலவு.

இது இன்னிக்கு நேத்து பிரச்சனை இல்ல. 1988 டிசம்பர்ல ஆர்மீனியாவுல நிலநடுக்கம் வந்தப்போ குறைஞ்சது 5,000 டன் மருந்தும் மருத்துவப் பொருளும் போய்ச் சேந்துச்சு, அதுல உடனே எடுத்துப் பயன்படுத்துற மாதிரி இருந்தது 30 சதவீதம்தான், 20 சதவீதத்தை அழிக்க வேண்டியதாப் போச்சு. இந்த மாதிரி அனுபவத்துக்கெல்லாம் அப்புறம்தான் உலக சுகாதார நிறுவனம் 1996ல மருந்து தானத்துக்கு விதிமுறையே கொண்டுவந்துச்சு: பாதிக்கப்பட்ட நாடு கேட்டதை மட்டும் அனுப்பணும், போய்ச் சேரும்போது குறைஞ்சது ஒரு வருஷம் எக்ஸ்பயரி பாக்கி இருக்கணும், நோயாளி கைக்குப் போய்த் திரும்பி வந்த மருந்து கூடவே கூடாது.

அப்போ என்னதான் தேவைப்படும்னு கேப்பீங்க. முதல் நாள்கள்ல எலும்பு முறிவு, காயம், டெட்டனஸ் ஊசி. இடிபாட்டுக்குள்ள கால் நசுங்கிக் கிடந்தவரை வெளிய எடுத்ததும் நல்லா பேசிட்டே இருப்பார், கொஞ்ச நேரத்துல இதயம் நின்னுடலாம், இல்ல அடுத்த நாள்கள்ல கிட்னி போகலாம், நசுங்கின தசையில இருந்து பொட்டாசியமும் மத்த கழிவும் ரத்தத்துல கலக்குறதுதான் காரணம். அதான் முடிஞ்சா பாரத்தைத் தூக்குறதுக்கு முன்னாடியே சலைன் ஏத்த ஆரம்பிக்கணும்னு சொல்றாங்க, அதுக்குப் பயிற்சி எடுத்த டீமும் டயாலிசிஸ் வசதியும் வேணும், நம்ம தெருவுல கலெக்ட் பண்ற பாராசிட்டமால் அங்க எதுக்கும் உதவாது. கேம்புல வர்ற பொதுவான வியாதிகளுக்குன்னா ரெடிமேட் கிட் இருக்கு, 10,000 பேருக்கு 3 மாசத்துக்குன்னு கணக்குப் போட்டு பேக் பண்ணி வச்சது, பணம் இருந்தா அதை வாங்கி அனுப்பிடலாம். எல்லாரும் மறந்துபோற இன்னொரு கூட்டம் இருக்கு: பிரஷர், சுகர், வலிப்பு மாத்திரை தினம் சாப்பிடுறவங்க. அவங்க மாத்திரை டப்பா இடிஞ்ச வீட்டுக்குள்ள கிடக்கு. இன்சுலின் போடுற குழந்தைக்கு ஒரு நாள் தவறினாலும் ஆபத்து, இன்சுலினுக்கோ ஐஸ் பெட்டி வேணும், கரண்ட் இல்லாத ஊர்ல.

பால் பவுடர் பத்தித் தனியா சொல்லியே ஆகணும், நம்ம ஊர்ல முதல்ல லாரில ஏறுறது அதுதான். 2006ல இந்தோனேசியாவுல யோக்யகர்த்தா நிலநடுக்கத்துக்கு அப்புறம் ஆய்வு பண்ணினப்போ, இலவசமா வந்த பால் பவுடர் வாங்கின குடும்பத்துக் குழந்தைகளுக்கு வாங்காதவங்களை விட ரெண்டு மடங்குக்கு மேல வயித்துப்போக்கு. தண்ணி சுத்தமில்ல, புட்டி கழுவ வழியில்ல, பவுடர் வந்ததால தாய்ப்பாலையும் நிறுத்திடுறாங்க. தாய்க்கு சாப்பாடும் மறைவா உக்கார ஒரு இடமும் குடுத்தாலே பாதி பிரச்சனை தீரும், தாய் இல்லாத குழந்தைக்கு டாக்டர் பாத்து குடுக்கட்டும்.

பழைய துணியும் அப்படித்தான். 2004 சுனாமிக்கு அப்புறம் நாகப்பட்டினத்துல ரோட்டோரமா கொட்டிக் கிடந்த துணி மலையைப் பாத்தவங்க இன்னும் இருக்காங்க, கேட்டுப் பாருங்க. கட்டின புடவையோட தப்பிச்சு வந்த பொம்பளைக்குக் கிழிஞ்ச சுடிதாரை நீட்டுறது அவங்களை அவமானப்படுத்துறதுதான்னு நான் நினைக்கிறேன்.

ஆறு மாசம் கழிச்சுக் குடுங்கன்னு ஏன் சொன்னேன்னா, கேமரா எல்லாம் போன பிறகுதான் பெரிய செலவே ஆரம்பிக்குது. நேபாளத்துல ஜூன்ல மழைக்காலம் வந்துடுச்சு, மலைச்சரிவுல ரோடு எல்லாம் மண் சரிஞ்சு அடைச்சுக்கிச்சு, தகர ஷீட்டையும் அரிசியையும் சுமைதூக்கிகளும் கோவேறு கழுதைகளும் சுமந்துதான் மேல கொண்டுபோனாங்க, அப்படி சுமந்த ஊர்க்காரங்களுக்கே கூலி கிடைச்சது ரொம்ப நல்ல விஷயம். வீடு கட்ட அரசாங்கம் 3 லட்சம் நேபாள ரூபாயைத் தவணை தவணையாக் குடுத்துச்சு, கையில பட்டா இல்லாத குடும்பங்க அதை வாங்கவே அல்லாடினாங்க. அந்தக் காகித வேலைக்குக் கூடவே அலைய ஒரு ஆளு, கொத்தனாருக்கு நிலநடுக்கம் தாங்குற மாதிரி சுவர் கட்டப் பயிற்சி, இதுக்கெல்லாம் யாரும் உண்டியல் குலுக்குறதில்ல.

முதுகெலும்பு அடிபட்டவங்களும் அப்படித்தான். காத்மாண்டுக்குக் கிழக்க சாங்கான்னு ஒரு ஊர்ல அவங்களுக்குன்னே ஒரு மறுவாழ்வு மையம் இருக்கு, நிலநடுக்கத்துக்கு அப்புறம் இருந்த படுக்கை போதாம இடத்தைப் பெருசாக்க வேண்டி வந்துச்சு. அந்த மாதிரி நோயாளிக்கு சிறுநீர் எடுக்குற குழாய் (கதீட்டர்), படுக்கைப்புண் வராம இருக்க மெத்தை, மலைப்பாதைக்குத் தோதான வீல்சேர், பிசியோதெரபி, இதெல்லாம் வருஷக்கணக்கா வேணும். அடுத்த தடவை உங்க குரூப்ல கலெக்ட் பண்ணினா, நிலநடுக்கத்துக்கு முன்னாடியிருந்தே அந்த ஊர்ல வேலை செய்யுற அமைப்பு எதுன்னு பாத்து, போன் போட்டு இப்ப என்ன வேணும்னு கேட்டுட்டு பாதியை அனுப்புங்க, மீதியை பேங்க்லயே வச்சிருந்து ஆறாவது மாசம் அதே நம்பருக்கு மறுபடி போன் போடுங்க.