சொந்தத் தொழில், கைக்குழந்தை: முதலாளியம்மாவுக்குச் சட்டத்தில் என்ன இருக்கிறது?

தையல் கடை, டியூஷன் சென்டர், வீட்டிலிருந்தே மசாலாப் பொடி விற்பனை என எதை நடத்தினாலும், கர்ப்பமானதும் பெண்கள் முதலில் கேட்பது, "எனக்கும் ஆறு மாச லீவு சம்பளம் உண்டா?" என்றுதான். கிடையாது. தமிழ்நாட்டில் சொந்தத் தொழில் செய்பவருக்குக் கிடைப்பது கொஞ்சம் உதவித்தொகை. ஜி.எஸ்.டி. விதிகளிலும் கடன் விதிகளிலும் மூச்சு விடச் சில இடங்கள் இருக்கின்றன. எல்லாமே தேதியைப் பொறுத்தவை. மூன்றாம் மாதத்தில் செய்ய வேண்டியதை எட்டாம் மாதத்தில் செய்தால் பாதி கைநழுவிப் போகும்.

26 வாரம் யாருக்கு?

மகப்பேறு நலச் சட்டம் 1961-ல் வந்தது. 12 வாரமாக இருந்த விடுப்பு 2017 திருத்தத்தில் 26 வாரமானது. இந்த விதிகள் இப்போது 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் இருக்கின்றன. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், அதற்கு மேல் 12 வாரம். ஆனால் இது பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், முந்தைய 12 மாதத்தில் குறைந்தது 80 நாள் வேலை பார்த்த ஊழியருக்கான உரிமை. தனி உரிமையாளர் தனக்குத் தானே ஊழியராக முடியாது. பார்ட்னர்ஷிப்பில் பங்குதாரரும் அப்படியே. மாதாமாதம் கடைக் கணக்கிலிருந்து 'சம்பளம்' என்று எழுதி எடுத்துக்கொண்டாலும் சட்டத்தின் கண்ணில் அது சம்பளம் ஆகாது.

பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் நிலைமை வேறு. கம்பெனி தனி, நீங்கள் தனி. அதில் சம்பளம் வாங்கும் நிர்வாக இயக்குநரை இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) சட்டப்படி ஊழியராகவே உச்ச நீதிமன்றம் பார்த்திருக்கிறது. கம்பெனி இ.எஸ்.ஐ.யில் இருந்து, உங்கள் மாதச் சம்பளமும் ரூ.21,000-க்குள் இருந்தால், 26 வாரத்துக்கான பணம் இ.எஸ்.ஐ. கழகத்திலிருந்து வர வழியுண்டு. கர்ப்பம் உறுதியான பிறகு அவசரமாகப் பெயரைச் சேர்ப்பது பலிக்காது. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில் (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) குறைந்தது 70 நாளுக்குப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

உங்களிடம் பத்துப் பேர் வேலை செய்தால், அவர்களில் ஒரு பெண் கர்ப்பமாகும்போது 26 வாரச் சம்பளம் உங்கள் பொறுப்பு. எல்லோரும் இ.எஸ்.ஐ.க்குள் இருந்தால் அந்தச் சுமை கழகத்துக்குப் போய்விடும். நீங்கள் கட்டுவது சம்பளத்தில் 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75 சதவீதம். பத்துப் பேரை எட்டியதும் தாமதிக்காமல் பதிவு செய்வது முதலாளிக்கே லாபம். தனி உரிமையாளரான அதே பெண் முதலாளிக்கு அந்த நிதியிலிருந்து ஒரு பைசா கிடைக்காது என்பது இந்தச் சட்டத்தின் பெரிய ஓட்டை.

கையில் வரும் பணம்

முக்கியமானது டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம். மொத்தம் ரூ.18,000. இதில் ரூ.14,000 வங்கிக் கணக்குக்கு வரும், மீதி ரூ.4,000-க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். முன்பு ஐந்து தவணையாக வந்த பணம் இப்போது மூன்று தவணை: கர்ப்பத்தின் நான்காம் மாதம் ரூ.6,000, குழந்தைக்கு நான்காம் மாதம் ரூ.6,000, ஒன்பதாம் மாதம் ரூ.2,000. தாய்க்கு 19 வயது நிறைந்திருக்க வேண்டும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பம், முதல் இரண்டு பிரசவம், அரசு மருத்துவமனைப் பிரசவம் என்பவை மற்ற நிபந்தனைகள்.

மத்திய அரசின் பிரதம மந்திரி மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு ரூ.5,000, இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் ரூ.6,000. தமிழ்நாட்டில் இது முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தோடு இணைத்தே நடத்தப்படுகிறது. 18 ஆயிரமும் வரும், மேலே ஐந்தாயிரமும் வரும் என்று கணக்குப் போட்டு வைக்காதீர்கள். மத்தியத் திட்டத்தின் தகுதிப் பட்டியல் சற்று அகலமானது. குடும்ப ஆண்டு வருமானம் ரூ.8 லட்சத்துக்குள் என்ற சான்றோ, இ-ஷ்ரம் அட்டையோ (அமைப்புசாராத் தொழிலாளருக்கான பதிவு அட்டை), பட்டியலில் உள்ள வேறு ஆவணங்களில் ஒன்றோ இருந்தால் போதும். தனியாகத் தொழில் செய்யும், இ.பி.எஃப்., இ.எஸ்.ஐ. எதிலும் இல்லாத பெண் இ-ஷ்ரம் அட்டையைக் காசில்லாமல் எடுத்துவிடலாம். கர்ப்பத்துக்குக் காத்திருக்காமல் இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

இந்தப் பணத்துக்கெல்லாம் வாசல் பிக்மி எண். கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் கிடைக்கும் 12 இலக்க எண் இது. பின்னால் பிறப்புச் சான்றிதழுக்கும் இதையே கேட்பார்கள். 12 வாரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். இணையத்தில் நீங்களே முன்பதிவு செய்யலாம். ஆனால் உங்கள் பகுதியின் சுகாதாரச் செவிலியர் சரிபார்த்த பிறகுதான் எண் உறுதியாகும். காலை ஒன்பது மணிக்குக் கடை திறந்து இரவு பூட்டுகிற பெண் செவிலியரைச் சந்திப்பதே இல்லை. வீட்டுக்கு வந்தவர் பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகிறார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளைப் பார்க்கும் நாள் எதுவென்று கேட்டு, அன்று ஒரு அரை நாள் கடையை மூடிவிட்டுப் போவதுதான் வழி. ஆதார், வங்கிப் புத்தகம், ரேஷன் கார்டு, கடைசி மாதவிடாய்த் தேதி ஆகியவற்றோடு போங்கள்.

பணம் வராமல் நிற்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்.

முதலாவது, கணக்கு. தாயின் பெயரில் தனிக் கணக்கு வேண்டும். கணவர் கணக்கு ஆகாது. ஆதார் வழியாக வரும் பணம், நீங்கள் புத்தகம் கொடுத்த வங்கிக்கே போகும் என்று நினைக்கக் கூடாது. கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போய் விழும். தொழில் நடத்துபவர்களிடம் சேமிப்புக் கணக்கு, கடனுக்காகத் திறந்த கணக்கு, குழுக் கடனுக்காகத் திறந்த கணக்கு என்று இரண்டு மூன்று இருக்கும். "பணமே வரலை" என்பவர்களில் சிலருக்கு அது மறந்துபோன கணக்கில் கிடக்கும், அல்லது அந்தக் கணக்கு முடங்கிப்போனதால் திரும்பிப் போயிருக்கும். எந்த வங்கியோடு ஆதார் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்க்கலாம்.

இரண்டாவது, பெயர். ஆதாரில் அப்பாவின் இனிஷியல், வங்கியில் கணவர் பெயர் என்று இருந்தால் சிக்கல். திருமணத்துக்குப் பிறகு ஒன்றை மட்டும் மாற்றியவர்களுக்கு இது சகஜம்.

மூன்றாவது, தாய் வீடு. வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்குப் போய்விடுவீர்கள். பிக்மி எண் மாநிலம் முழுக்க ஒன்றுதான், அதில் பிரச்சினையில்லை. ஆனால் குழந்தைக்கு அங்கே தனியார் மருத்துவரிடம் தடுப்பூசி போட்டு, அது பிக்மியில் ஏறாமல் போனால் அடுத்த தவணை நின்றுவிடும். ஊசி அட்டையின் நகலை இரண்டு ஊர்ச் செவிலியரில் ஒருவரிடம் கொடுத்துப் பதியச் சொல்ல வேண்டும்.

அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் உறுப்பினராக இருந்தால் மகப்பேறு உதவி உண்டு, பொதுவாக ரூ.6,000. தையல், தெருவோர வணிகம் போன்ற தொழில்களுக்கு வாரியங்கள் உள்ளன. வயது 18 முதல் 60 வரை. ஒரே பிரசவத்துக்கு இரண்டு அரசுத் திட்டங்களில் விண்ணப்பிக்கும் முன், தொழிலாளர் உதவி ஆணையர் அலுவலகத்தில் முறையைக் கேட்டுத் தெளிந்து கொள்ளுங்கள். மறைத்து எழுதி வாங்கினால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்வார்கள்.

ஜி.எஸ்.டி. பிரசவத்துக்காகக் காத்திருக்காது

உதவித்தொகை தவறினால் இழப்பு சில ஆயிரம். ஜி.எஸ்.டி. தவறினால் தொழிலே முடங்கும்.

மாதாமாதம் ஜி.எஸ்.டி.ஆர்-3பி (வரிக் கணக்கின் சுருக்க ரிட்டர்ன்) தாக்கல் செய்பவருக்கு மறு மாதம் 20ஆம் தேதி கெடு. தாமதத்துக்கு நாளுக்கு ரூ.50, விற்பனையே இல்லாத மாதம் என்றால் ரூ.20. ஆண்டு விற்றுமுதல் ஒன்றரைக் கோடிக்குள் இருப்பவருக்கு ஒரு ரிட்டர்னுக்கு அதிகபட்சம் ரூ.2,000, விற்பனையில்லாத ரிட்டர்னுக்கு ரூ.500. கட்ட வேண்டிய வரிக்கு ஆண்டுக்கு 18 சதவீத வட்டி வேறு. இதுவரை தாங்கலாம். தொடர்ந்து இரண்டு மாதம் விட்டால் இ-வே பில் (சரக்கு அனுப்பத் தேவையான மின்னணுச் சீட்டு) எடுக்க முடியாது. முந்தைய மாத 3பி நிலுவையில் இருந்தால் அடுத்த ஜி.எஸ்.டி.ஆர்-1 (விற்பனை விவர ரிட்டர்ன்) போட முடியாது. உங்களிடம் வாங்கிய கடைக்காரருக்கு உள்ளீட்டு வரிக் கழிவு (வாங்கும்போது கட்டிய வரியைத் தன் வரியில் கழிப்பது) கிடைக்காது, அவர் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். ஆறு மாதம் தொடர்ந்து விட்டால் பதிவையே ரத்து செய்ய அதிகாரிக்கு உரிமை உண்டு. ஆறு மாதம் என்பது ஒரு தாய் சராசரியாக ஒதுங்கியிருக்கும் காலம்தானே. ரத்தானால், உத்தரவு வந்த 90 நாளுக்குள் நிலுவை எல்லாம் கட்டி மீட்க விண்ணப்பிக்கலாம்.

இதைத் தவிர்க்க மூன்று வேலைகளை ஏழாம் மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.

விற்றுமுதல் 5 கோடிக்குள் இருந்தால் காலாண்டு முறைக்கு மாறலாம். ஆண்டுக்கு 12 தடவைக்குப் பதில் நான்கு தடவைதான் 3பி. தமிழ்நாட்டுக்குக் கெடு, காலாண்டு முடிந்த மறு மாதம் 22. வரியை மட்டும் இடைப்பட்ட இரண்டு மாதமும் 25ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். ஜூலை–செப்டம்பர் காலாண்டுக்கு மாற விரும்பினால் மே 1 முதல் ஜூலை 31 வரை தேர்வு செய்யலாம். மற்றவற்றுக்கும் இதே கணக்கு. முந்தைய 3பி எதுவும் நிலுவையில் இருக்கக் கூடாது.

அடுத்தது ஓ.டி.பி. ரிட்டர்னை ஆடிட்டர் தயார் செய்துவிடுவார், ஆனால் ஓ.டி.பி. உங்கள் போனுக்கு வரும். கெடு நாளில் நீங்கள் பிரசவ வார்டில், போன் அம்மாவின் பையில், சார்ஜ் இல்லாமல். கணவரையோ நம்பிக்கையான ஊழியரையோ கூடுதல் கையொப்பமிடும் அதிகாரியாக ஜி.எஸ்.டி. தளத்தில் சேர்த்துவிடலாம். இதற்கு அங்கீகாரக் கடிதம் ஒன்று போதும், அதிகாரி அனுமதி தேவையில்லை. சேர்த்ததோடு விடாமல், ஒரு மாத ரிட்டர்னை அவர் எண்ணில் தாக்கல் செய்து பாருங்கள்.

கடையை முழுதாக மூடிவிடுவதானால், வாங்கல் விற்றல் எதுவுமில்லாத 3பியைப் பதிவான கைப்பேசியிலிருந்து 14409-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்பியே முடித்துவிடலாம். "ஒன்றும் விற்கவில்லையே, எதற்கு ரிட்டர்ன்?" என்று விட்டவர்கள்தான் அபராதத்தில் அதிகம் மாட்டுகிறார்கள்.

கடன் தவணையும் கையெழுத்தும்

முத்ரா கடனில் ரூ.50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். பிணைச் சொத்து கேட்க மாட்டார்கள். ஆனால் பேறுகாலத்துக்கென்று தவணை நிறுத்தம் கிடையாது. தவணை 90 நாள் கடந்து நின்றால் கடன் வாராக்கடன் ஆகிவிடும், அடுத்த கடனுக்குக் கதவு மூடும். கடன் வாங்கும்போதே முதல் சில மாதத்துக்குத் தவணை விலக்குக் கேட்பது ஒரு வழி. ஏற்கெனவே வாங்கியிருந்தால், தவணை தவறும் முன்பே மேலாளரிடம் எழுத்தில் மறு அட்டவணை கேளுங்கள். தவறிய பின் கேட்டால் அது சலுகை கேட்பதாகப் படாது, கட்ட முடியாததாகவே படும்.

தனி உரிமையாளரின் நடப்புக் கணக்கில் அவர் கையெழுத்து மட்டுமே செல்லும். வேறொருவர் காசோலையில் கையெழுத்திட வேண்டுமென்றால் வங்கியில் மேன்டேட் கடிதம் கொடுக்க வேண்டும். எவ்வளவு தொகை வரை, எந்தத் தேதி வரை என்று எல்லை எழுதியே கொடுங்கள். வெற்றுக் காசோலையில் கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் பிரசவத்துக்குப் போகும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

குழந்தையை எங்கே விடுவது?

இதில் அரசின் கை மெலிதுதான். மத்திய அரசின் மிஷன் சக்தி திட்டத்தின் கீழ் பால்னா என்ற குழந்தைகள் காப்பகங்களில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை சேர்க்கலாம்; வழக்கமான நேரம் நாளுக்கு ஏழரை மணி. எல்லா ஊரிலும் இல்லை. சாதாரண அங்கன்வாடியில் இரண்டு வயதிலிருந்துதான். உங்கள் வட்டாரத்தில் பால்னா இருக்கிறதா என்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் கேளுங்கள்.

உதவித்தொகை தவணை நின்றுபோனால் முதலில் செவிலியர், பிறகு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர், அதற்கும் மேலே மாவட்டச் சுகாதார அலுவலகம். வாய்மொழியாகக் கேட்காமல் பிக்மி எண், ஆதார் இணைந்த வங்கி, நின்ற தவணை எது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, நகலில் ரசீது முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.