ஆன்-டிவைஸ் ஏஐ: கருவியகச் செயற்கை நுண்ணறிவு

கைப்பேசி விளம்பரங்களில் வரும் ‘ஆன்-டிவைஸ் ஏஐ’ என்னும் தொடரில் பலர் கண்ணும் ‘ஏஐ’யின் மேல் விழுகிறது, பயன்படுத்துவோர் முதலில் கவனிக்க வேண்டியதோ முன்னால் நிற்கும் ‘ஆன்’. கணிப்பு, அதாவது விடையை உருவாக்கும் கணினி வேலை, தொலைவிலுள்ள சேவையகத்தில் (நிறுவனத்தின் கணினியில்) நடக்கிறதா, கையிலுள்ள கருவியிலா என்பதை அச்சிறு சொல்லே சொல்கிறது.

‘ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்’ என்னும் பெயர், ஜான் மெக்கார்த்தி உள்ளிட்ட நால்வர் 1956 டார்ட்மத் ஆய்வரங்குக்காக 1955-இல் எழுதிய முன்மொழிவில் இடம்பெற்றது. தமிழில் ‘செயற்கை நுண்ணறிவு’ வேரூன்றிவிட்டது. வினைத்தொகையாக முக்காலத்துக்கும் விரியும் ‘செய்யறிவு’ எனக்குப் பிடித்தமானது என்றாலும், பொதுமக்களுக்கு எழுதும்போது பழகிய சொல்லே நல்லது. ‘டிவைஸ்’, பிரித்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதற்கு நிகரான ‘கருவி’ நம் இலக்கணத்தில் மூன்றாம் வேற்றுமைப் பொருள்களுள் ஒன்று. வேடிக்கையாக, அவ்வேற்றுமையின் உருபுகளுள்ளும் ஓர் ‘ஆன்’ உண்டு. ஆங்கில ‘ஆன்’ சுட்டுவதோ ஏழாம் வேற்றுமைக்குரிய இடப்பொருள். ஆகவே ‘கருவிவழி’ என்று பெயர்த்தால் பொருள் நழுவிவிடும். சேவையகம் தரும் விடையையும் கருவிவழியாகத்தானே பெறுகிறோம்? உள்ளிடத்தைக் குறிக்கும் ‘அகம்’ சேர்ந்த ‘கருவியகச் செயற்கை நுண்ணறிவு’ என்பதே பொருந்தும்.

2017-இல் வந்த ஐஃபோன் எக்ஸின் முகத்திறப்பு (முகத்தைக் காட்டிக் கைப்பேசியைத் திறக்கும் வசதி) இதற்குத் தெளிவான சான்று: முக அளவுகள் வெளியே செல்லாமல் கருவிக்குள்ளேயே பூட்டி வைக்கப்படுகின்றன. தனியுரிமை காக்கப்படுவது முதல் நன்மை. இணையம் இல்லாத இடத்திலும் இயங்குவது, சேவையகத்தின் விடைக்குக் காத்திருக்க வேண்டாதது ஆகியவை மற்ற நன்மைகள். ஆனால் கருவிக்குள் அடங்க வேண்டுமானால் மாதிரி (‘மாடல்’, விடை தரப் பயிற்றுவிக்கப்பட்ட நிரல்) சிறுத்தாக வேண்டும். கைப்பேசிக்கான கூகுளின் முதல் ஜெமினி நேனோ மாதிரி, 180 கோடி, 325 கோடி அளபுருக்கள் (பயிற்சியில் கற்ற எண்கள்) கொண்ட இரு அளவுகளில், ஒவ்வோர் எண்ணும் 4 பிட்டாகச் சுருக்கப்பட்டு வந்தது. இத்தகைய சிறு மாதிரிகள் நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தரும்போது ‘வேண்டாம்’ என்றிருப்பதை ‘வேண்டும்’ என்று மாற்றிவிடக்கூடும்; பிழையான வரியும் சரியான வரியைப் போலவே சரளமாக இருப்பதால் படிப்பவருக்கு ஐயம் எழாது.

விமானப் பயன்முறையை இயக்கி, வைஃபையையும் அணைத்துவிட்டு, குரல்வழித் தட்டச்சில் ஒரு வரி பேசிப் பாருங்கள். எழுத்து விழுந்தால் கணிப்பு கருவியகத்தில் நடக்கிறது. இணைப்பு கேட்டால், அம்மொழிக் கோப்பு இன்னும் இறங்கவில்லை, அல்லது உங்கள் குரல் வெளியே சென்றுதான் எழுத்தாகிறது. இச்சோதனை காட்டுவது கணிப்பின் இடத்தை மட்டுமே. விழுந்த எழுத்தை, இணைப்பு திரும்பியதும் செயலி தன் சேவையகத்துக்கு அனுப்புகிறதா என்பதை அதன் தனியுரிமைக் கொள்கையில்தான் தேட வேண்டும்.